ஆம்புலன்ஸை எங்கே நிறுத்துவது? சிமுலேஷன் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர்கள், ஓட்டுநர்கள், நிர்வாகிகள், ஆய்வு மாணவர்கள் என்று யாரிடம் பேசினாலும், ஆம்புலன்ஸ்களை எங்கே நிறுத்துவது என்பதைக் கணினியில் ஓட்டிப் பார்த்துச் சோதிக்கும் சிமுலேஷன் பற்றிச் சுற்றிச் சுற்றி இதே சந்தேகங்கள்தான் வருகின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருப்பதை விட ஓரிடத்தில் எழுதிவைப்பது நல்லது என்று தோன்றியது. எளிய கேள்விகள் முன்னால், சிக்கலானவை பின்னால். கணிதப் பயிற்சி இல்லாதவர்களும் படிக்கலாம். சில இடங்களில் எண்கள் வரும், அவற்றைத் தாண்டிப் போகாதீர்கள், விஷயமே அங்கேதான் இருக்கிறது.

சிமுலேஷன் என்றால் உண்மையில் கணினிக்குள் என்ன நடக்கிறது? திரையில் வண்டி ஓடும் பொம்மைப் படமா?

படம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். உள்ளே இருப்பது ஒரு நிகழ்வுப் பட்டியலும் ஒரு கடிகாரமும். அழைப்பு வருகிறது, ஒரு வண்டி ஒதுக்கப்படுகிறது, வண்டி கிளம்புகிறது, சம்பவ இடத்தை அடைகிறது, நோயாளியை ஏற்றிக்கொண்டு புறப்படுகிறது, மருத்துவமனையை அடைகிறது, ஒப்படைத்துவிட்டுக் காலியாகிறது, நிலையத்துக்குத் திரும்புகிறது. ஒவ்வொன்றும் ஒரு நிகழ்வு. கடிகாரம் விநாடி விநாடியாக நகர்வதில்லை, ஒரு நிகழ்விலிருந்து அடுத்ததற்குத் தாவுகிறது. இடையில் எதுவும் நடக்காத நேரத்தைக் கணினி கடத்திவிடுவதால் ஓர் ஆண்டின் அழைப்புகளைச் சில நிமிடங்களுக்குள் ஓட்டிப் பார்க்க முடிகிறது.

எந்த வண்டியை அனுப்புவது, எந்த மருத்துவமனைக்குப் போவது, காலியான வண்டி எங்கே திரும்புவது என்ற விதிகளை நாம் கொடுக்கிறோம். விதியையோ இடத்தையோ மாற்றிவிட்டு, அதே ஆண்டை மறுபடி ஓட்டுகிறோம். நிஜ நகரத்தில் இப்படிச் சோதிக்க யாரும் அனுமதிக்க மாட்டார்கள், அனுமதிக்கவும் கூடாது.

இதற்கு எதற்குக் கணினி? வரைபடத்தில் நிலையத்தைச் சுற்றி, எட்டு நிமிடத்தில் எட்டும் பகுதிக்கு வட்டம் போட்டுப் பார்த்தால் போதாதா?

வட்டம் போடுவது கேவலமான வேலை அல்ல. இந்தத் துறையே அங்கேதான் தொடங்கியது. எல்லா இடங்களையும் குறித்த நேரத்துக்குள் எட்டுவதற்கு மிகக் குறைந்தது எத்தனை நிலையங்கள் வேண்டும் என்ற கேள்வியை 1971-ல் டோரெகாஸும் அவருடைய சகாக்களும் கணித வடிவில் எழுதினார்கள். கையில் இருக்கும் குறிப்பிட்ட எண்ணிக்கையிலான நிலையங்களைக் கொண்டு எவ்வளவு மக்களை எட்டலாம் என்று 1974-ல் சர்ச்சும் ரெவெலும் அதைத் திருப்பிக் கேட்டார்கள்.

ஆனால் வட்டம் ஒன்றை மறைக்கிறது: வண்டி நிலையத்தில் இருந்தால்தான் அது வட்டம். ஒரு நிலையத்தில் ஒரே ஒரு வண்டி, அது 40 சதவீத நேரம் வேலையில் இருக்கிறது என்று வையுங்கள். அந்தப் பகுதி 'எட்டப்பட்டது' என்று வரைபடம் சொல்கிறது. அழைப்பவருக்கோ பத்தில் நான்கு முறை அங்கே வண்டி இல்லை. டாஸ்கின் 1983-ல் இதைக் கணக்கில் கொண்டுவந்தார். மேலே சொன்ன 40 சதவீதத்துக்கு அவருடைய வழியில் கணக்கிட்டால், ஒரு வண்டி எட்டும் இடத்தில் வண்டி கிடைக்கும் வாய்ப்பு 60 சதவீதம், இரண்டு வண்டிகள் எட்டும் இடத்தில் 84, மூன்று எட்டும் இடத்தில் சுமார் 94. இங்கே ஒவ்வொரு வண்டியும் மற்றதைப் பற்றிய கவலையின்றித் தனித்தனியாக வேலையில் சிக்குகிறது என்பது அனுமானம். நிஜத்தில் பக்கத்து வண்டி சிக்கினால் அதன் வேலையும் இந்த வண்டியின் தலையில் விழுகிறது. ஒன்றின் வேலை இன்னொன்றை இழுக்கும் இந்தச் சங்கிலியைச் சூத்திரத்தில் அடக்க லார்சன் 1974-லேயே வரிசைக் கோட்பாட்டை, அதாவது காத்திருக்கும் வரிசைகளின் கணிதத்தைக் கொண்டு முயன்றார். போக்குவரத்து, ஷிப்ட் மாற்றம், மருத்துவமனைத் தாமதம் எல்லாவற்றையும் சேர்க்க வேண்டும் என்றால் சூத்திரம் கையை விரித்துவிடும். அங்கேதான் சிமுலேஷனுக்கு இடம்.

அந்த எட்டு நிமிடம் எங்கிருந்து வந்தது? ஏழரை ஏன் கூடாது?

இதயம் நின்றுபோனவர்களைப் பற்றிய ஆய்வுகளிலிருந்து வந்தது. இதயநிறுத்தம் ஏற்பட்டு, நெஞ்சழுத்த முதலுதவி எதுவும் கிடைக்காதபோது, மின்அதிர்ச்சி சிகிச்சை தாமதமாகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு சுமார் 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. நான்கு நிமிடத்துக்குள் முதலுதவியும் எட்டு நிமிடத்துக்குள் மேல் சிகிச்சையும் கிடைத்தவர்கள் அதிகமாகப் பிழைத்தார்கள் என்று அமெரிக்காவின் கிங் கவுண்டியில் நடந்த ஆய்வு 1979-ல் காட்டியது. அந்த எட்டு அப்படியே ஆம்புலன்ஸ் சேவை ஒப்பந்தங்களுக்குள் குடியேறிவிட்டது. வேறு அளவுகோல்களும் உண்டு: இங்கிலாந்தில் 2017-ல் கொண்டுவந்த முறையில், உயிருக்கு ஆபத்தான முதல் வகை அழைப்புகளுக்குச் சராசரி 7 நிமிடம், பத்தில் ஒன்பது அழைப்புகளுக்கு 15 நிமிடத்துக்குள் என்பது இலக்கு.

எல்லைக்கோட்டு இலக்கில் ஒரு விஷமம் இருக்கிறது. 7 நிமிடம் 59 விநாடி வெற்றி, 8 நிமிடம் 1 விநாடி தோல்வி. தோற்றது தோற்றதுதான் என்பதால் 9 நிமிடமும் 25 நிமிடமும் கணக்கில் ஒன்றே. 'எட்டு நிமிடத்துக்குள் வந்தவை' என்பதை மட்டும் உயர்த்தச் சொன்னால், எப்படியும் எட்ட முடியாத இடங்களைக் கணினி கூச்சமில்லாமல் கைவிடும். எர்குட், இங்கோல்ஃப்சன், எர்டோகன் மூவரும் 2008-ல் எல்லைக்கோட்டுக்குப் பதிலாகப் பிழைக்கும் வாய்ப்பையே இலக்காக வைக்கலாம் என்று காட்டினார்கள். எந்த அளவுகோலை எடுத்தாலும், கடிகாரம் எப்போது தொடங்குகிறது என்று முதலில் கேளுங்கள். போன் எடுத்தபோதா, முகவரி உறுதியானபோதா, வண்டி ஒதுக்கப்பட்டபோதா? இதிலேயே இரண்டு நிமிடம் காணாமல் போய்விடலாம்.

பாதி நேரம் வண்டிகள் சும்மாதான் நிற்கின்றன. பிறகு ஏன் போதவில்லை என்கிறீர்கள்?

நிர்வாகக் கூட்டங்களில் தவறாமல் வரும் கேள்வி இது. கணக்காகவே பார்த்துவிடலாம். மணிக்கு சராசரியாக 4 அழைப்புகள். ஒவ்வொன்றும் வண்டியைச் சராசரியாக ஒரு மணி நேரம் பிடித்துவைக்கிறது. ஆக, எந்த நேரத்திலும் சராசரியாக 4 வண்டிகள் வேலையில் இருக்கும். 5 வண்டிகள் வைத்தால் 80 சதவீதப் பயன்பாடு, பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் அழைப்புகள் சீராக வருவதில்லை. சேர்ந்தாற்போல் மூன்று வரும், பிறகு நெடுநேரம் அமைதி. தொலைபேசி இணைப்பகங்களுக்காக எர்லாங் 1917-ல் வெளியிட்ட வகைச் சூத்திரத்தில் போட்டுப் பார்த்தால், 5 வண்டிகள் இருக்கும்போது சுமார் 55 சதவீத அழைப்புகள் ஒரு காலி வண்டி கூட இல்லாத நேரத்தில் வந்து விழுகின்றன. 6 வண்டிகளில் அது சுமார் 28 சதவீதம். 8 வண்டிகளில், அதாவது பாதி நேரம் 'சும்மா' நிற்கும்போது, சுமார் 6.

எனவே சும்மா நிற்பது வீண் அல்ல. அந்தக் காத்திருப்பைத்தான் மக்கள் காசு கொடுத்து வாங்குகிறார்கள். நிஜம் இந்தச் சூத்திரத்தை விடவும் மோசமாக இருக்கும். காலி வண்டிகள் குறையும்போது தொலைவிலிருந்து வண்டி வர வேண்டியிருக்கிறது. அதனால் ஒவ்வொரு வேலையும் நீள்கிறது. அதனால் காலி வண்டிகள் இன்னும் குறைகின்றன. இந்தச் சுழல் சூத்திரத்தில் இல்லை, சிமுலேஷனில் தானாகவே வந்துவிடும்.

கூடுதல் வண்டி வாங்கினால் தீர்ந்தது. இடத்தை மாற்றி என்ன ஆகப்போகிறது?

வண்டி பற்றாக்குறையால்தான் தாமதம் என்றால் வண்டிதான் வேண்டும். இடம் மாற்றுவது கண்துடைப்பு. ஆனால் தாமதத்துக்குக் காரணம் தூரமா, பற்றாக்குறையா என்று பிரித்துப் பார்க்காமல் பேசக்கூடாது. கோலெசரும் பிளமும் 1973-ல் தீயணைப்பு வண்டிகளுக்காக ஒரு வர்க்கமூல விதியைத் தந்தார்கள்: அருகிலுள்ள காலி வண்டிக்கான சராசரித் தூரம், காலி வண்டிகளின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்குத் தலைகீழ் விகிதத்தில் மாறும். தூரத்தைப் பாதியாக்க, காலி வண்டிகள் நான்கு மடங்காக வேண்டும். மூன்று வண்டிகள் இருக்கும் பகுதியில் நான்காவது பெரிய மாற்றம் தரும். முப்பது இருக்கும் இடத்தில் முப்பத்தொன்றாவது அவ்வளவாகத் தெரியாது.

நியூயார்க்கில் சாவாஸ் 1969-ல் வெளியிட்ட சிமுலேஷன் இந்தத் துறையின் மூத்த பிள்ளைகளில் ஒன்று. அங்கே ஆம்புலன்ஸ்கள் மருத்துவமனை வாசலில் நின்றன. நோயாளி போய்ச் சேர வேண்டிய இடத்தில் வண்டியை நிறுத்துவது வசதியாகத் தோன்றும். அழைப்பு வருவதோ வேறிடத்திலிருந்து. அழைப்புகள் அதிகமாக வரும் இடங்களுக்கு வண்டிகளைப் பரப்பி நிறுத்துவது, அதே மருத்துவமனையில் வண்டிகளைக் கூட்டிக்கொண்டே போவதை விடச் செலவுக்கேற்ற பலன் தரும் என்று அவர் காட்டினார்.

என்ன தரவு வேண்டும்? எங்களிடம் இருப்பது ஒரே ஒரு எக்செல் கோப்புதான்.

கோப்பில் ஒவ்வொரு அழைப்புக்கும் இடம், அவசர வகை, முதல் கேள்விக்கான பதிலில் பட்டியலிட்ட நிகழ்வுகளின் நேரங்கள், எந்த வண்டி போனது, எந்த மருத்துவமனை ஆகியவை இருந்தால் போதும். கூடவே எந்த வண்டி எந்த மணியிலிருந்து எந்த மணி வரை பணியில் இருந்தது என்ற ஷிப்ட் பட்டியல் வேண்டும். இதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். பழுதுபார்ப்புக்குப் போன வண்டியும், ஆள் வராததால் நின்ற வண்டியும் காகிதத்தில் பணியில் இருப்பதாகவே இருக்கும். அப்படியே ஓட்டினால் சிமுலேஷன் நிஜத்தை விட நன்றாக இயங்கும், ஏன் என்று தெரியாமல் தலையைச் சொறிய வேண்டியிருக்கும்.

நேரப் பதிவுகளைச் சந்தேகத்தோடு பாருங்கள். 'வந்து சேர்ந்தேன்' பொத்தானை ஓட்டுநர் நோயாளியைப் பார்த்த பிறகுதான் அழுத்தியிருப்பார். அவசரத்தில் அழுத்தாமலே விட்டு, பிறகு எல்லாவற்றையும் சேர்த்து அழுத்தியிருப்பார். கிளம்பியதற்கும் சேர்ந்ததற்கும் இடையே ஐந்து விநாடி என்றால் அது பறக்கும் ஆம்புலன்ஸ் அல்ல, பொத்தான் பிரச்சினை. ஜிபிஎஸ் தடம் இருந்தால் ஒத்துப் பாருங்கள். கெட்ட பதிவுகளைச் சத்தமில்லாமல் நீக்கிவிடவும் கூடாது. நெருக்கடியான நேரத்தில்தான் பொத்தான்கள் தவறுகின்றன. அவற்றை நீக்கினால் மோசமான நேரங்கள் தரவிலிருந்தே மறைந்துவிடும்.

பயண நேரத்துக்கு மொபைல் மேப் காட்டும் நிமிடங்களையே போட்டுவிடலாமா?

தொடங்குவதற்குப் போடலாம், முடிவெடுக்கக் கூடாது. அந்த நிமிடங்கள் சிக்னலில் நிற்கும் சாதாரணக் காருக்கானவை. சைரன் போட்ட வண்டி சில சாலைகளில் மிக வேகமாகப் போகும். ஒதுங்க இடமே இல்லாத நெரிசலில் அதுவும் எல்லோரோடும்தான் ஊரும். நேரத்துக்கு நேரமும் இது மாறும். சாலை வலையமைப்பை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவசத் திறந்த வரைபடத்திலிருந்து எடுத்து, சொந்த வண்டிகளின் பழைய பயணங்களைக் கொண்டு சாலை வகைக்கும் மணிக்கும் ஏற்ப வேகத்தைத் திருத்துவதே சரியான வழி.

குறுகிய தூரங்களில் கூடுதல் கவனம் வேண்டும். நியூயார்க் தீயணைப்பு வண்டிகளின் ஓட்டங்களைப் பார்த்தபோது, நீண்ட தூரத்தில் நேரம் தூரத்துக்கு நேர்விகிதத்திலும், குறுகிய தூரத்தில் தூரத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பவும் கூடியது தெரிந்தது. வண்டி வேகம் பிடிப்பதற்குள் இடம் வந்துவிடுகிறது. ஒரே சராசரி வேகத்தைப் போட்டால் பக்கத்து அழைப்புகளுக்கெல்லாம் நீங்கள் நிஜத்தை விட முன்னதாகப் போய்ச் சேர்ந்துவிடுவீர்கள். அடுக்குமாடியில் லிப்ட் ஏறும் நேரமும் இருக்கிறது. அது எந்த மேப்பிலும் இல்லை.

அடுத்த அழைப்பு எங்கே வரும் என்று யாருக்குத் தெரியும்? கணினி ஜோசியம் சொல்லுமா?

அடுத்த ஓர் அழைப்பை யாராலும் சொல்ல முடியாது. ஆயிரம் அழைப்புகள் எப்படிப் பரவும் என்பதைச் சொல்ல முடியும். எத்தனை மணிக்கு எவ்வளவு, எந்தப் பகுதியில் எவ்வளவு என்ற வேகம் வாரத்துக்கு வாரம் பெரும்பாலும் ஒரே பாங்கில் இருக்கிறது. அந்த வேகத்தில் தற்செயலாக அழைப்புகளை உருவாக்குவது ஒரு வழி. நடந்த அழைப்புகளையே வரிசையாகத் திரும்ப ஓட்டுவது இன்னொரு வழி. நியூசிலாந்தின் ஆக்லாந்து நகருக்காக ஹெண்டர்சனும் மேசனும் 1990-களின் இறுதியில் உருவாக்கிய பார்ட்சிம் என்ற சிமுலேஷன் மென்பொருள் இரண்டாம் வழியில் போனது. பழைய அழைப்புகளை ஓட்டும்போது மழை நாள், திருவிழா நாள், ஒரே விபத்துக்கு வந்த ஐந்து அழைப்புகள் எல்லாம் இயல்பாகவே உள்ளே இருக்கும். துறைக்குள் இருப்பவர்களுக்கு நம்பிக்கையும் எளிதில் வரும். அவர்கள் நினைவில் இருக்கும் நாள் அது.

அதன் குறை, நடந்தது மட்டுமே அதில் இருக்கிறது என்பதுதான். அழைப்புகள் 15 சதவீதம் கூடினால் என்ன ஆகும், புதிய குடியிருப்பு வந்தால் என்ன ஆகும் என்று கேட்க உருவாக்கப்பட்ட அழைப்புகள் தேவை. பகுதிகளை மிகச் சிறிய கட்டங்களாக வெட்டாதீர்கள். ஆண்டுக்கு இரண்டே அழைப்பு வந்த கட்டத்தில் பதிவானது போக்கு அல்ல, தற்செயல். சென்ற ஆண்டு விபத்து நடந்த திருப்பத்தில் போய் வண்டியை நிறுத்துவது அப்படித்தான் நடக்கிறது.

ஒரு முறை ஓட்டினால் எட்டு நிமிடத்துக்குள் வந்தவை 84 சதவீதம், மறுமுறை 82. எதை நம்புவது?

எதையும் தனியாக நம்பாதீர்கள். நாளுக்கு 50 அழைப்புகள் வரும் சேவையில் ஒரே ஒரு நாளை ஓட்டினால், 84 என்ற எண் தற்செயலாலேயே ஐந்து புள்ளி மேலும் கீழும் ஆடும். ஓர் ஆண்டை ஓட்டினால் ஆட்டம் அரைப் புள்ளிக்கும் கீழே வரும். அழைப்புகள் ஒன்றையொன்று பாதிப்பதால் நிஜ ஆட்டம் இதைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். பிழையைப் பாதியாக்க ஓட்டத்தை நான்கு மடங்காக்க வேண்டும். எல்லா வண்டிகளும் காலியாக இருப்பதாகத் தொடங்கும் முதல் சில மணி நேரத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இரண்டு திட்டங்களை ஒப்பிடும்போது ஒரு நல்ல உத்தி உண்டு. இரண்டுக்கும் அதே அழைப்புகளை, அதே சம்பவ இட நேரங்களை, அதே மருத்துவமனைத் தாமதங்களைக் கொடுங்கள். நாள் கடினமாக இருந்தால் இரண்டுக்கும் கடினம். அப்போது வித்தியாசத்தில் மிஞ்சுவது பெரும்பாலும் திட்டத்தின் வித்தியாசம். என்னைப் பொறுத்தவரை சிமுலேஷனின் உண்மையான பலமே இதுதான். '84 சதவீதம்' என்ற தனி எண்ணின் மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. 'இந்தத் திட்டம் அதைவிட மூன்று புள்ளி மேல்' என்பதன் மேல் நிறைய நம்பிக்கை இருக்கிறது.

கணினிக்குள் இருப்பது எங்கள் சேவைதான் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இப்போதைய நிலையங்களை வைத்து, கடந்த ஆண்டை ஓட்டி, நிஜத்தோடு ஒப்பிடுங்கள். சராசரி பொருந்தினால் மகிழ்ந்துவிட வேண்டாம். ஒரு பக்கம் அதிகமாகவும் இன்னொரு பக்கம் குறைவாகவும் தவறினாலும் சராசரி பொருந்திவிடும். மணிவாரியாக, பகுதிவாரியாக, வண்டிவாரியாகப் பாருங்கள். எந்த நிலையத்தின் வண்டி எத்தனை முறை அடுத்த பகுதிக்குப் போனது என்பதைப் பாருங்கள். பொருந்தாத இடத்தில் ஒரு கதை இருக்கும். ஒரு பாலம் பெரிய வண்டிக்கு ஆகாது என்பது ஓட்டுநர்களுக்குத் தெரியும், மேப்புக்குத் தெரியாது. அவர்களை அழைத்து உட்காரவைத்து ஒரு நாளைத் திரையில் ஓட்டிக் காட்டுவது, எந்தப் புள்ளியியல் சோதனையும் கண்டுபிடிக்காத பிழையைப் பத்து நிமிடத்தில் வெளியே கொண்டுவரும்.

எண் பொருந்தவில்லை என்று 'வேகத்தை 8 சதவீதம் கூட்டிவிடலாம்' என்று திருகிக்கொண்டே போவது ஆபத்து. பொருந்தும், காரணம் தவறாக இருக்கும், இடத்தை மாற்றியதும் உடைந்துபோகும்.

கணினியே நல்ல இடங்களைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிடாதா?

சிமுலேஷன் தேர்வு எழுதுவதில்லை, மதிப்பெண் மட்டும் போடும். 40 இடங்களில் 10 வண்டிகளை, இடத்துக்கு ஒன்றாக நிறுத்தச் சுமார் 84.8 கோடி வழிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் ஓட்ட ஒரே ஒரு விநாடி ஆனாலும் 26 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அதனால் இரண்டையும் சேர்த்துச் செய்வார்கள். வட்டக் கேள்வியில் சொன்ன கணித மாதிரிகளால் சில நூறு நல்ல திட்டங்களைச் சலித்தெடுத்து, அவற்றைச் சிமுலேஷனில் ஓட்டி, முன்னணியில் இருப்பதில் ஒரு வண்டியை மட்டும் நகர்த்தி நகர்த்தி முன்னேற்றம் வருகிறதா என்று பார்ப்பார்கள்.

முடிவில் பெரும்பாலும் ஏறக்குறைய சமமான பல திட்டங்கள் கிடைக்கும். அது நல்ல செய்தி. அவற்றுக்குள் எது கட்டடம் இருக்கும் இடம், எது ஊழியர்களுக்குக் கழிப்பறை இருக்கும் இடம் என்று பார்த்து மனிதர்கள் தேர்ந்தெடுக்கலாம்.

எதில் எழுதுவது?

பைத்தான் நிரல்மொழி தெரிந்தால், அதில் சிமுலேஷன் எழுத உதவும் சிம்பை நூலகம் போதும். ஆம்புலன்ஸுக்கென்றே ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ஜூலியா மொழியில் எழுதப்பட்ட ஜெம்ஸ் என்ற திறமூலத் தொகுப்பும் இருக்கிறது. கருவி பற்றிய விவாதத்தில் செலவிடும் நேரத்தைத் தரவைச் சுத்தம் செய்வதில் செலவிடுங்கள்.

மிக அருகில் இருக்கும் வண்டியை அனுப்புவதுதானே சரி? இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

உயிருக்கு ஆபத்தான அழைப்பு என்றால் யோசிக்க எதுவுமில்லை, அருகில் இருப்பது போகட்டும். மற்றவற்றில் இடமிருக்கிறது. கார்ட்டர், சைக்கன், இக்னால் மூவரும் 1972-ல் இரண்டே வண்டிகள் உள்ள எளிய நிலையை ஆராய்ந்து, எப்போதும் அருகில் இருப்பதை அனுப்பும் விதி மொத்தச் சராசரி நேரத்தைக் குறைக்காத நிலைமைகள் உண்டு என்று காட்டினார்கள். அழைப்புகள் மிகுந்த பகுதியின் ஒரே வண்டியை, எல்லைக்கு அருகில் கால் சுளுக்கியவருக்காக அனுப்பிவிட்டால், அடுத்த ஒரு மணி நேரம் அந்தப் பகுதி முழுவதும் தொலைவிலிருந்து வரும் வண்டியை நம்பியிருக்கும். சற்று தள்ளி, அமைதியான பகுதியில் நின்ற வண்டி ஒரு நிமிடம் தாமதமாகப் போயிருந்தால் ஒன்றும் கெட்டிருக்காது.

ஆனால் இதைக் கட்டுப்பாட்டு அறையில் இருப்பவரின் தலையில் சுமத்தக்கூடாது. விதி எழுத்தில் இருக்க வேண்டும். எந்த அவசர வகைகளுக்குப் பொருந்தும் என்பதை மருத்துவர்கள் முடிவுசெய்ய வேண்டும்.

வண்டிகள் காலியாகும்போதெல்லாம் இடம் மாற்றி நிறுத்திக்கொண்டே இருந்தால் என்ன?

செய்கிறார்கள். 1980-களில் அமெரிக்காவில் ஜாக் ஸ்டௌட் இந்த முறையைப் பரப்பினார். எளிய வடிவம் ஒரு அட்டவணை: 7 வண்டிகள் காலி என்றால் இந்த ஏழு இடங்கள், 6 என்றால் இந்த ஆறு, கடைசி ஒன்று மிஞ்சினால் நடுவில் இந்த ஒரே இடம். ஒரு வண்டி குறையும்போது மற்றவை எல்லாம் இடம் மாற வேண்டியிராதபடி அட்டவணையை அமைப்பதுதான் கலை.

சிமுலேஷனில் இது எப்போதும் அழகாகத் தெரியும், ஏனென்றால் கணினி வண்டிக்குள் ஆள் இல்லை. நிஜத்தில் இரவு இரண்டு மணிக்கு ஊழியர் தூங்காமல் ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்கு ஓட்டிக்கொண்டிருப்பார். எரிபொருள், தேய்மானம், முதுகுவலி, எரிச்சல். எனவே அட்டவணையைச் சோதிக்கும்போது நேரத்தோடு, ஒவ்வொரு வண்டியும் ஷிப்டுக்கு எத்தனை முறை நோயாளி இல்லாமல் நகர்ந்தது என்பதையும் எழுதச் சொல்லுங்கள். பெரும்பாலான பலனைச் சில நகர்வுகளே தந்துவிடும். மீதி நகர்வுகள் ஊழியரைப் படுத்துவதற்குத்தான் உதவும்.

மருத்துவமனை வாசலில் காத்திருப்பது எங்கள் கையில் இல்லையே. அதையும் சேர்க்க வேண்டுமா?

கட்டாயம். பாதி வண்டிகள் சும்மா நிற்பது பற்றிய கேள்வியில் ஒவ்வொரு அழைப்பும் ஒரு மணி நேரம் பிடிக்கும் என்று வைத்தோம். ஒப்படைக்கும் தாமதத்தால் அது 75 நிமிடமானால், சராசரியாக வேலையில் இருக்கும் வண்டிகள் 4-லிருந்து 5 ஆகின்றன. முன்பு 5 வண்டிகளோடு தள்ளாடிய சேவை இப்போது எந்நேரமும் பின்தங்கிக்கொண்டே போகும். வாசலில் 15 நிமிடம் மிச்சப்படுத்துவது ஒரு முழு வண்டியை இருபத்துநான்கு மணி நேரமும் கூடுதலாக ஓட்டுவதற்குச் சமம். கையில் இல்லாத விஷயம்தான், ஆனால் அந்த எண்ணை மருத்துவமனை நிர்வாகத்தின் மேசையில் வைப்பது உங்கள் கையில் இருக்கிறது.

இந்தக் கணக்கெல்லாம் போட்டால் எல்லா வண்டியும் நகரத்துக்கே போய்விடும். இது நியாயமா?

மொத்தச் சதவீதத்தை மட்டும் உயர்த்தச் சொன்னால் அப்படித்தான் ஆகும். அழைப்புகள் அடர்த்தியான இடத்தில் ஒரு வண்டி அதிகம் பேரை எட்டும் என்பது எளிய கணக்கு. குற்றம் சிமுலேஷனுடையது அல்ல, நாம் கேட்ட கேள்வியுடையது. எந்தப் பகுதியிலும் பத்தில் ஒன்பது அழைப்புகளுக்கு இத்தனை நிமிடத்தைத் தாண்டக் கூடாது என்ற நிபந்தனையைப் போடலாம். நகரத்துக்கு ஒன்று, ஒதுக்குப்புறத்துக்கு ஒன்று என்று தனி இலக்கு வைக்கலாம்.

ஒதுக்குப்புறத்தைக் காப்பாற்ற நகரத்தில் எத்தனை புள்ளி விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதைச் சிமுலேஷன் துல்லியமாகச் சொல்லும். எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்பதை அது சொல்லாது. அதை மக்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய பொறுப்பில் இருப்பவர்கள் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். 'கணினி சொன்னது' என்று அவர்கள் ஒதுங்கிக்கொள்ளும் இடத்தில் எனக்குக் கோபம் வரும்.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே, இன்னும் சிமுலேஷனைக் கட்டிக்கொண்டு அழ வேண்டுமா?

காலியான வண்டியை எங்கே அனுப்புவது என்பதைத் தானாகக் கற்றுக்கொள்ளும் முறைகள் புதியவை அல்ல. மேக்ஸ்வெல்லும் சகாக்களும் 2010-லேயே செய்துகாட்டினார்கள். ஆனால் அவை எங்கே கற்றுக்கொள்கின்றன? சிமுலேஷனுக்குள்தான். லட்சக்கணக்கான தவறான முடிவுகளை எடுத்துப் பார்த்துத்தான் அந்த முறை பாடம் படிக்கிறது. சிமுலேஷன் பொய்யானால் கற்ற பாடமும் பொய். எங்கள் சேவைதானா என்று சோதிக்கச் சொன்னதெல்லாம் இங்கே இரட்டிப்பாகப் பொருந்தும்.

இடத்தை மாற்றினோம், நேரம் குறைந்தது. சிமுலேஷனால்தான் குறைந்தது என்று எப்படிச் சொல்வீர்கள்?

முன்னும் பின்னும் ஒப்பிடுவதை மட்டும் வைத்துச் சொல்ல மாட்டேன். அந்த ஆறு மாதத்தில் அழைப்புகள் குறைந்திருக்கலாம், பள்ளி விடுமுறை வந்திருக்கலாம், புதிய மேம்பாலம் திறந்திருக்கலாம். இன்னொன்றும் இருக்கிறது: நேரம் மிக மோசமாக இருந்த மாதத்தில்தான் எல்லோரும் மாற்றத்துக்கு ஒப்புக்கொள்கிறார்கள். மிக மோசமான மாதத்துக்குப் பின் வருவது எதுவும் செய்யாவிட்டாலும் பெரும்பாலும் சற்று நல்ல மாதமாகவே இருக்கும்.

மாற்றத்துக்குப் பின் வந்த நிஜ அழைப்புகளை எடுத்து, அவற்றைப் பழைய இடங்களோடு சிமுலேஷனில் ஓட்டுங்கள். புதிய இடங்களோடும் ஓட்டுங்கள். புதிய இடங்களோடு ஓட்டியது நிஜத்தோடு பொருந்த வேண்டும்; பொருந்தினால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் இடமாற்றத்தின் பங்கு. மீதி மேம்பாலத்துக்கோ விடுமுறைக்கோ போகட்டும். பொருந்தவில்லை என்றால் மாதிரியில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது. பயண வேகங்களிலிருந்து மறுபடி தொடங்குங்கள்; பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.